கற்பூர மரம் குடித்த ஊற்று

என் பேரனுக்குக் காது குத்திய அன்று, நாலாவது பந்தி.

ஊட்டிப் பக்கம் இத்தலாரில் என் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தோம். கீழே காரமடை, அன்னூர்ப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். வெளியே சன்னமாய்த் தூறல். சோற்று ஆவியும் ஈர மண் வாசனையும் பந்தலுக்குள் கலந்து கிடந்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றேன். எத்தனை ஆள் வைத்திருந்தாலும் என் வீட்டு விசேஷத்தில் தண்ணீர் நான்தான் ஊற்றுவேன். அது என் கௌரவம்.

வரிசையின் கடைசியில் என் ஒரே தங்கை மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். இலை போட்டதும் எல்லோரும் டம்ளர் தண்ணீரைத் தெளித்து இலையைத் துடைத்தார்கள். அவள் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு சொட்டு தெளித்துத் துடைத்துவிட்டு, பாட்டிலை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சோறு வந்தது. இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தாள். ரசம் வந்தது. அதே கை. லட்டும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்தபோது கையை எடுத்தாள்.

எதிரே இருந்த எங்கள் பெரியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏ மாராத்தா, சோத்த வேண்டாங்கற, சிப்ஸ மட்டும் நறுக்கு நறுக்குன்னு கடிக்கற. புதுசா பல்லு கட்டியிருக்கறதக் காட்ட வந்தியாக்கும்?”

“வயிறு சரியில்லீங் பெரீம்மா.”

“வயிறு சரியில்லாதவ லட்டு திங்கறத இந்தப் பந்தியிலதான் பாக்கறன்!”

பந்தி சிரித்தது. நானும்தான் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. சிரித்துக்கொண்டே ஜக்கை அவள் டம்ளர் பக்கம் சாய்த்தேன். டம்ளர் கவிழ்ந்திருந்தது.

அப்போதுதான் விளங்கியது. சோறு வெந்தது என் தண்ணீரில். ரசம் கொதித்தது என் தண்ணீரில். லட்டும் சிப்ஸும் ஊட்டிக் கடையில் வாங்கியவை. என் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் படாதது எது என்று பார்த்துப் பார்த்துத் தின்றிருக்கிறாள்.

“உங்களுக்குத் தோல்வியே கிடையாதா ஐயா?” என்று பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் கடிதம் போட்டிருந்தார். உண்டு. இதுதான்.

தைலக்காரர் ஊடு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. ஆனால் இத்தலார்ப் பக்கம் வந்து ‘தைலக்காரர் ஊடு எது’ என்று கேட்டுப் பாருங்கள், நாய்கூட முன்னால் நடந்து வழி காட்டும்.

எங்கள் அப்பா மரம் வெட்டக் கோடாரியோடு மலையேறியவர். அடுத்தவன் காட்டில் வெட்டி வெட்டியே இங்கே மூன்று ஏக்கர் சேர்த்தார். நான் அவரைவிடக் கெட்டிக்காரன். வெட்டுகிறவன் ஒரு தடவை சம்பாதிப்பான், காய்ச்சுகிறவன் வருஷம் முழுக்கச் சம்பாதிப்பான் என்று யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்தேன்.

தைலம் காய்ச்சுவது பெரிய வித்தை மாதிரிப் பேசுவார்கள். வித்தையெல்லாம் பொறுமைதான். ஆள் உயர டிரம்மில் இலையைப் போட்டு மிதிக்க வேண்டும். மூடியைச் சுற்றி மண்ணைக் குழைத்துப் பூச வேண்டும், ஆவி ஓர் இழைகூட வெளியே போகக்கூடாது. அடியில் தீ. மேலே கிளம்புகிற ஆவி குழாய் வழியாக இறங்கும். அந்தக் குழாய் ஓடுகிற குளிர்ந்த தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். அப்போதுதான் ஆவி தைலமாக மாறிச் சொட்டும். ஆக, தைலக்காரனுக்கு இலை எவ்வளவு முக்கியமோ தண்ணீரும் அவ்வளவு முக்கியம். இதை எல்லோருக்கும் சொல்லுவேன். என் காதில்தான் ஏறவில்லை.

ஒரு மரத்தில் எத்தனை பிழைப்பு

கற்பூர மரம் என்று நாங்கள் சொல்வதைத்தான் நீங்கள் யூகலிப்டஸ் என்கிறீர்கள். வெளியூர்க்காரர்கள் கார்க் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்து, “ஆகா, ஊட்டி வாசனை” என்பார்கள். அது ஊட்டி வாசனை இல்லை. எங்கள் அடுப்பு வாசனை.

இலையில் தைலம். காய்ச்சி முடித்த சக்கை, மறுநாள் அடுப்புக்கு விறகு. நீள நீளமாய் உரிந்து விழுகிற பட்டை ஒரு கைப்பிடி இருந்தால் மழை நாளிலும் அடுப்பு பற்றும். இளங்கழி கட்டடக்காரனுக்குச் சாரம். நடுமரம் காகிதக் கூழுக்கு லாரி ஏறும். முண்டு தேயிலை ஃபேக்டரிக்குப் போய்க் கொழுந்தைக் காயவைக்கும். கோழிக்குப் பேன் பிடித்தால் கொப்பை ஒடித்துக் கூண்டில் போடுவோம். சளி பிடித்தால் ஐந்து இலையைக் கொதிக்கவிட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்போம். பனிக்காலத்தில் காய்வதும் அந்தத் தீயில்தான், செத்தால் வேகிறதும் அந்தத் தீயில்தான். எங்கள் அப்பா வெந்தது நான் வெட்டிக் கொடுத்த கற்பூர முண்டில்தான்.

என் மகள் கல்யாணம், மகன் படிப்பு, இந்த வீட்டின் மூன்று அறை எல்லாமே அந்த மரம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கருவியோடு வந்து என் காட்டை அளந்துவிட்டு, “இது இந்த மலைக்கே ஆகாத மரம் ஐயா, தண்ணியெல்லாம் உறிஞ்சிரும்” என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். டீ கொடுத்து அனுப்பினேன். கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன், நடச் சொன்னவன் ஆபீசர், நட்டவன் நான். இன்றைக்குத் திட்டு வாங்குவது மட்டும் நான் ஒருத்தன்.

வடக்கத்தி மலைச் சிப்பாய்

ஒரு சமயம் ராணுவ முகாம் இருக்கிற வெலிங்டனுக்குச் சாரக்கழி இறக்கப் போயிருந்தேன். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சிப்பாய், இமயமலைப் பக்கத்து ஆள், கொஞ்சம் தமிழ் பழகியவன், சாலையோரக் கற்பூர மரத்தைத் தடவிக்கொண்டு நின்றான். உரிந்த இடத்தில் மரம் பால் வெள்ளையாக இருந்தது.

“அண்ணா, எங்க மலையில இதே கலர் மரம் இருக்கு. போஜ். பட்டை பேப்பர் மாதிரி வரும்” என்றான்.

பழைய காலத்தில் அதில்தான் எழுதுவார்களாம். தாயத்துக்குள் சுருட்டி வைப்பார்களாம். மழை ஒழுகாமல் இருக்கக் கூரைக்கு அடியில் அடுக்குவார்களாம். வெண்ணெய் பொதிவதும் அதில்தானாம்.

“தைலம் வருமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தெரியாது அண்ணா.”

“அப்பறம் என்னய்யா மரம் அது?”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “மேல் பட்டை மட்டும் எடுக்கணும். உள்பட்டையில கத்தி பட்டா மரம் செத்துடும். எங்க பாட்டன் அளவு பாத்துத்தான் எடுப்பார்” என்றான்.

நான் சிரித்தேன். “எங்க மரத்தை அடியோட வெட்டு, பத்தாத் துளுக்கும். அளவெல்லாம் உங்க மரத்துக்கு” என்றேன்.

அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

செருப்பைக் கழற்றும் இடம்

அப்பா உயிரோடிருக்கும்போதே நிலத்தைப் பிரித்தார். மேல்காடு எனக்கு. கீழ்காட்டில் ஒன்றரை ஏக்கரும் ஓட்டு வீடும் மாராத்தாளுக்கு. அந்தக் கீழ்காட்டில்தான் ஊற்று. பாறை இடுக்கிலிருந்து வந்து ஒரு கல்தொட்டியில் விழும். கோடையிலும் நின்றதில்லை.

“பொட்டப் புள்ளைக்குத் தண்ணி பக்கத்துல இருக்கோணும்” என்றார் அப்பா.

எனக்கு வந்த மேல்காட்டில் பாதி சதுப்பு. காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். புல்லும் தவளையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆண்பிள்ளைக்குச் சேறு, பெண்பிள்ளைக்கு ஊற்றா என்று எனக்கு வயிறு எரிந்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம், எரிந்தது உண்மை.

சேற்றைக் காயவைக்க எனக்கு வழி தெரியும். கற்பூர நாற்றை நெருக்கி நட்டால் ஐந்தாறு வருஷத்தில் சதுப்பு தரையாகிவிடும். நட ஆரம்பித்த அன்று பக்கத்துத் தோட்டத்துப் படகர் பெள்ளி வேலியோரம் வந்து நின்றார். என் வயதுதான் அவருக்கு, எதையும் கிண்டலாகத்தான் பேசுவார்.

“என்ன தைலக்காரரே, இங்கேயா நடறீங்க?”

“சேத்த வச்சு என்ன பண்றது? எருமை மேய்க்கறதா?”

“கீழ்நாட்டு ஆளுங்களே இப்படித்தான். சேறு பாத்தா செருப்பு கெட்டுப்போகும்னு கழட்டுவீங்க. நாங்க இது தண்ணி இருக்கற எடம்னு கழட்டுவோம்.”

“நீங்க கழட்டிக் கையில புடிச்சுட்டே நில்லுங்க. நான் நட்டுட்டு வரன்” என்றேன்.

என் கணக்கு பிசகவில்லை. மரம் வானத்துக்குப் போனது. சதுப்பு காய்ந்தது. தவளைச் சத்தம் நின்றது. காய்ந்த ஓரத்தில் கேரட் போட்டேன். ‘சேத்தைச் சோறாக்குனவன்’ என்று ஊரே சொன்னது. மேலே இருந்த சேறும் கீழே இருந்த ஊற்றும் ஒரே தண்ணீர்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பாதி மரமாவது

ஊற்று ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் கோடையில் மெலிந்தது. அப்புறம் குடத்தை வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போட்டு வந்தாலும் கழுத்து நிறையவில்லை. அப்புறம் பாறை வெறுமனே வேர்த்தது. மாராத்தாள் வீட்டுக்காரர், என் மச்சான், வாய் பேசாத மனுஷர். ரோட்டுக் குழாயிலிருந்து தோளில் குடம் சுமந்து அந்தச் சரிவில் இறங்கி இறங்கியே முழங்கால் இரண்டும் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் மாராத்தாள் மேலே வந்தாள். நான் டிரம் மூடிக்கு மண் பூசிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கண்ணா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்குவீங்களா?”

“கேளு அம்மிணி.”

“சதுப்புல இருக்கற மரத்துல பாதியாவது எடுத்துப்போடுங்க. ஊத்து செத்துட்டு இருக்குது.”

“மழை கம்மி. மரத்து மேல ஏன் பழி போடற?”

“உங்க டிரம்முக்கு ஊத்தறதுக்கு மட்டும் மழை பெய்யுதுங்களா?”

சுருக்கென்றது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இலை மிதித்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்கள் நாலு பேர் கேட்க, “தண்ணி இல்லைன்னா கொடத்தத் தூக்கிட்டு வா. என்ற டேங்குல புடிச்சுக்க. அண்ணன் இல்லைன்னா சொல்லப்போறன்?” என்றேன்.

அவள் அந்தப் பெண்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அப்பா எனக்கு ஊத்துக் குடுத்தாருங்கண்ணா. கொடம் குடுக்குல” என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

சத்தியம் எதுவும் பண்ணவில்லை. சண்டையும் போடவில்லை. பொங்கலுக்கு வந்தாள், நோவு நொடிக்கு வந்து பார்த்தாள். தண்ணீர் நீட்டினால் ‘இப்பத்தான் குடிச்சுட்டு வந்தன்’ என்பாள். நானும் நம்பினேன். காதுகுத்துப் பந்தியில்தான் அந்தக் கவிழ்ந்த டம்ளர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியது.

நான் செய்த பிழை

பந்தி முடிந்து வேன்கள் போன பிறகு என் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “எல்லாரும் பாத்தாங்க.”

அது போதும் எனக்கு. அந்தக் கோடையிலேயே பர்மிட் வாங்கிச் சதுப்பிலிருந்த மரம் அத்தனையும் இறக்கினேன். தங்கச்சி மேல் பாசமா, ஊர் வாய்க்குப் பயமா என்று கேட்டால் இரண்டும் என்பேன். எது முன்னால் என்று கேட்காதீர்கள்.

வெட்டிய சத்தம் கீழே கேட்டிருக்கும். அவள் வந்து ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று இருந்தேன். வரவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. அண்ணன்காரன் நான் ஏன் போக வேண்டும்?

அடுத்த மழைக்கு அடிமரமெல்லாம் துளிர்த்தது. கற்பூர மரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெட்டிய அடியில் வருகிற துளிர் இலை நீலம் பூத்து, கை பட்டாலே பிசுபிசுக்கும். அதில் வருகிற மாதிரி தைலம் எந்த இலையிலும் வராது. அடிமரம் சாக வேண்டுமென்றால் அந்தத் துளிரை வந்ததும் வந்ததும் தட்டிவிட வேண்டும். கோடாரியை எடுத்துக்கொண்டுதான் போனேன். இலையைக் கசக்கி முகர்ந்தேன்.

ஒரே ஒரு வெட்டு, ஒரே ஒரு சீசன் இலை எடுத்துக்கொண்டு அப்புறம் தட்டிவிடலாம் என்று திரும்பி வந்தேன்.

ஊரில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. தைலக்காரனுக்குத்தான் வரும்.

கீழ்காட்டு வாசலில் நின்றால் மேலே சதுப்பு முழுதாகத் தெரியும். மரம் விழுந்த பிறகு அந்த இடம் மொட்டையாக இருந்ததை அவள் பார்த்திருப்பாள். பிறகு அது மறுபடி பச்சை கட்டுவதையும், நான் ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் தினமும் பார்த்திருப்பாள். இலை என் ஆள் உயரம் வந்தது. பெண்களை வைத்து அறுத்தேன். நல்ல தைலம், குறை சொல்ல முடியாது.

அந்த அறுப்பு முடிந்த வாரம் கீழே யாரோ சங்கிலி பிடித்து அளக்கிறார்கள் என்று பெள்ளி வந்து சொன்னார். ஓடினேன். நட்ட கல்லில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை.

“என்ன அம்மிணி இது?”

“வித்துப்போட்டனுங்க. பெங்களூர்க்காரர் ஒருத்தருக்கு.”

“என்னக் கேக்காமயா? கூடப் பொறந்தவனக் கேக்காம வெளி ஆளுக்கு விப்பாங்களா?”

“கேட்டனுங்களே. பாதி மரமாவதுன்னு கேட்டன்.”

“அதான் முழுசும் வெட்டீட்டனே!”

“வெட்டுனீங்க. அப்பறம் அறுத்தீங்க” என்றாள். “இனி இவரால கொடம் தூக்க முடியாதுங்கண்ணா. பொண்ணு வெலிங்டனுக்கு வரச் சொல்லுது.”

மச்சான் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெலிங்டன் பஸ்

அவர்கள் போன மறுநாளே கோடாரியின் பின்பக்கத்தால் துளிரைத் தட்ட ஆரம்பித்தேன். யாரையும் கூலிக்கு வைக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வோர் அடிமரமாக, நானே குனிந்து தட்டினேன். தட்டத் தட்ட வரும். பத்தாத் துளுக்கும் என்று அந்தச் சிப்பாயிடம் பீற்றிக்கொண்டேனே, அந்தப் பத்தையும் நானே எண்ணினேன். மூன்று மழை. மூன்றாவது மழையில் அடிமரங்கள் கறுத்து உளுத்தன. இடையில் புல் வந்தது. ஒரு நாள் நடக்கும்போது கால் உள்ளே இறங்கியது.

கீழ்காட்டில் இப்போது கண்ணாடி வைத்த காட்டேஜ்கள். கேட்டில் இருந்த வாட்ச்மேன் என் தைலம் வாங்குகிறவன். ஐந்து நிமிஷம் உள்ளே விட்டான். பாறை இடுக்கில் ஊற்று விழுந்துகொண்டிருந்தது. கல்தொட்டி நிறைந்து வழிந்தது.

அன்றைக்கே பஸ் ஏறினேன். மாராத்தாளின் மருமகன் வெலிங்டனில் ராணுவத்துக்குச் சிவிலியன் வேலை பார்க்கிறான். குவார்ட்டர்ஸ் வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணா” என்று நாற்காலியைக் காட்டினாள்.

நான் உட்காரவில்லை. “அம்மிணி, ஊத்து வந்துருச்சு.”

“எந்த ஊத்துங்க?”

“என்ன இப்படிக் கேக்கற? நம்ம ஊத்து! தொட்டி நெறஞ்சு வழியுது. அப்பா காலத்துல வந்தாப்பலயே.”

“பாத்தீங்களா?”

“இந்தக் கையிலயே அள்ளிக் குடிச்சன். மூணு வருஷமா நானே ஒவ்வொண்ணாத் தட்டுனன் அம்மிணி. இந்த வயசுல எவன் பண்ணுவான் சொல்லு?”

அவள் ஓர் அவரைக்காயை எடுத்து முனையைக் கிள்ளினாள். நார் ஒரே இழையாக வந்தது. அதை முறத்தின் ஓரத்தில் போட்டாள்.

“யாருக்குங் வருது?”

“என்னது?”

“தண்ணிங்கண்ணா. இப்ப அது யாருக்கு வருது?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராத பொய்யா? ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காட்டேஜுல… நீச்சல் குளம் கட்டியிருக்காங்க. அதுக்கு உடறாங்க” என்றேன்.

மாராத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். சின்ன வயதில் சிரித்த மாதிரி, தோள் குலுங்க, முறத்தில் இருந்த காய் சிந்தச் சிந்தச் சிரித்தாள். உள்ளேயிருந்து மச்சான், “என்ன?” என்று கேட்டார்.

சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிந்திய காயைப் பொறுக்கினாள்.

“இருட்டறதுக்குள்ள இத்தலாருக்கு ஒரே ஒரு பஸ்தானுங்கண்ணா இருக்குது” என்றாள். “உட்டுறாதீங்க, கெளம்புங்க.”